பழைய பெறுமதி, புதிய பெறுமதி

கஸ்தூரியார் வீதி, நகைக்கடைக்கு மேல்மாடி.
நாங்கள் மூன்று பேர், ஒரு ஏசி,
அதுவும் மத்தியானத்துக்குப் பிறகுதான்.
நாவாந்துறைச் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்த நிர்வாகப் பக்கத்தில்
ஒரு வேலை மிச்சமிருந்தது:
யார், எப்போது, எதை,
எதிலிருந்து எதுவாக மாற்றினார் என்று
ஒவ்வொரு தொடுகையையும் குறித்துவைக்கும் பதிவேடு.

அழிக்க முடியாது, திருத்த முடியாது.
விற்கும்போது அதைத்தான் பெருமையாகச் சொன்னேன்.
"அப்ப, பிழை விட்டா விட்டதெண்டே கிடக்கும், என்ன?"
என்று தலைவர் கேட்டார்.
"ஓம். கிடக்கும்."

முதலில் வந்ததெல்லாம் எழுத்துப்பிழை.
தொலைபேசி இலக்கத்தில் ஒரு சுழியம் கூட.
பஸ்தியாம்பிள்ளையில் ஒரு புள்ளி குறைவு.
ஒரு வள்ளத்தின் எஞ்சின் எட்டுக் குதிரைவலுவிலிருந்து
பதினைந்தாகி, மறுநாளே எட்டானது.
அதைப் பற்றி நான் கேட்கவில்லை.

நாலாம் மாதம் இது கண்ணில் பட்டது.
அங்கத்தவர் 0417, றெஜினா. கணவரின் நிலை.
பழைய பெறுமதி: காணாமற்போனவர்.
புதிய பெறுமதி: இறந்தவர்.
அதிகாலை 4.11.
பிறகு, அதே நாள்,
பழைய பெறுமதி: இறந்தவர்.
புதிய பெறுமதி: காணாமற்போனவர்.
அதிகாலை 4.52.

நாற்பத்தொரு நிமிடம்
ஒரு மனிதன் செத்திருந்திருக்கிறான்.

யாரோ கடவுச்சொல்லைத் திருடிவிட்டான் என்றே நினைத்தேன்.
எந்தத் திருடன் விடியப்புறம் எழும்பி இதைச் செய்வான்?
பிறகுதான் ஞாபகம் வந்தது, சேவருக்கு எங்கள் நேரம் தெரியாது.
ஐந்தரை மணித்தியாலம் பிந்தி வாழ்கிறது அது.
கூட்டினால் காலை 9.41.
எழுதுவினைஞர் மெற்றில்டா
குடையைச் சுருக்கி வைத்துவிட்டு உட்காரும் நேரம்.
பத்து மணிக்கு உதவித்தொகைப் பட்டியல் போகவேண்டும்.
பட்டியலில் விதவைக்கு ஒரு நிரல் இருக்கிறது.
மற்றச் சொல்லுக்கு இல்லை.

பின்னோக்கித் தேடினேன்.
ஒவ்வொரு மாதமும் இருபத்தைந்தாம் திகதி,
அதே கை.

நேரில் போய்க் கேட்டிருக்கலாம்.
ஐந்து நிமிடச் சைக்கிள் தூரம்.
நான் ஒரு பெட்டி வைத்தேன்: 'காரணம்'.
பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்,
நிரப்பாமல் சேமிக்க விடாது.
எங்கள் தொழிலில் கேள்வி கேட்பது அப்படித்தான்.

அடுத்த இருபத்தைந்து.
காரணம்: பட்டியலுக்கு.
பிறகு,
காரணம்: பட்டியல் போட்டுது. இனி அவர் இருக்கலாம்.

அதற்கடுத்த மாதம்,
காரணம்: அவவுக்குத் தெரியாது. தெரிஞ்சா காசு எடுக்கமாட்டா. இப்பவும் ரா

அவ்வளவுதான்.
அறுபது எழுத்துக்குமேல் கொள்ளாது என்று விதித்தவன் நான்.
கொம்பையும் காலையும் புள்ளியையும்
தனித்தனி எழுத்தென்று எண்ணும் இயந்திரம் அது.
ரா.
ராவில் கதவு பூட்டுவதில்லையா,
ராச்சாப்பாட்டில் ஒரு கோப்பை கூடவா,
எனக்குத் தெரியாது.

வியாழக்கிழமை வவுனியாவிலிருந்து கணக்காய்வாளர் வருகிறார்.
அழிக்க முடியாது என்று சொன்னேனே,
அது முழு உண்மையல்ல.
எனக்கு முடியும்.
ஒரே ஒரு வரி. புதன் இரவு அதைத் தட்டியும்விட்டேன்,
முடிவில் வைக்கவேண்டிய அரைப்புள்ளி மட்டும் மிச்சம்.
கீழே நகைக்கடைக்காரர் இரும்புக் கதவை இழுத்தார்.
வரியை வலமிருந்து இடமாக
ஒவ்வொரு எழுத்தாய்த் தின்னக் கொடுத்தேன்.

பிறகு அமைப்புகள் பக்கத்துக்குப் போனேன்.
காரணப் பெட்டியின் நீளம்.
பழைய பெறுமதி: 60.
புதிய பெறுமதி: 600.
யார்: நான்.
நேரம்: சேவருக்கு இன்னும் பின்னேரம்.
காரணம்:

சிவப்பு நட்சத்திரம்.
கோடு மின்னி மின்னி நின்றது.
சேமிக்க விடவில்லை.